மறைக்கப்பட்ட ஒரு நோயின் வரலாறு

பெண்கள் வாய்விட்டுக் கூற நாணும் நோய்களுள் கருப்பை இறக்கமும் ஒன்று. இடுப்பின் அடித்தளத்துத் தசைகளும் இழையங்களும் கருப்பை, சிறுநீர்ப்பை, குடல் ஆகியவற்றைத் தாங்கி நிற்கின்றன. மகப்பேற்றினாலும் முதுமையினாலும் அவை தளருங்கால் உறுப்புக்கள் கீழிறங்குகின்றன. இவ்வுண்மை தெளிவாதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன.

பண்டைக் கிரேக்கருட் பலர், கருப்பையை உடலினுள்ளே திரியும் ஓர் உயிர்போலக் கருதினர். நறுமணத்தை நாடி, தீநாற்றத்துக்கு அஞ்சி அது விலகும் என நம்பினர். எனவே கீழே தீநாற்றப் புகையும் மூக்கினருகே நறுமணமும் காட்டினர். மாதுளம்பழத்தின் ஒரு பாதியை உள்ளே வைத்துத் தாங்கச் செய்தலும் உண்டு. கொடியது யாதெனில், நோயாளியை ஏணியிலே தலைகீழாகக் கட்டிக் குலுக்கும் முறையாகும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியில் மருத்துவம் புரிந்தவர் எபேசு நகரத்துச் சொரானஸ். கருப்பை மணமறிந்து ஓடும் விலங்கன்று என அவர் மறுத்தார். தலைகீழாகத் தொங்கவிடுதலையும் கண்டித்தார். மென்மையான கம்பளித் திரளால் உறுப்பைத் தாங்கி, நோயாளிக்கு ஓய்வளிக்குமாறு கூறினார். துன்புறுத்தாது குணப்படுத்தல் வேண்டும் என்னும் நோக்கு இங்கே புலனாகின்றது.

16ஆம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்து அம்புருவாஸ் பாரே பித்தளையாலும் மெழுகு பூசிய தக்கையாலும் தாங்கிகள் செய்வித்தார். 1844இல் சார்ல்ஸ் குட்இயர் பதனிட்ட இறப்பருக்குக் காப்புரிமை பெற்றபின், இறப்பர் வளையங்கள் வழக்கிற்கு வந்தன. மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் துணைநிற்க, 1888இல் மான்செஸ்டர் நகரத்து ஆர்ச்சிபால்ட் டொனால்ட் தளர்ந்த பாகங்களைத் தைத்து இறுக்கும் சத்திரசிகிச்சையைத் தொடக்கினார். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் கேகல், அத்தசைகளைச் சுருக்கியும் தளர்த்தியும் வலுப்படுத்தும் பயிற்சியை வெளியிட்டார்.

புதியன யாவும் நல்லனவும் அல்ல. இந்நோய்க்கென யோனிவழியே பொருத்தப்பட்ட செயற்கை வலைகளின் விற்பனையை நிறுத்துமாறு 2019இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஆணையிட்டது.

இன்று நோயின் அளவுக்கேற்பப் பயிற்சி, சிலிக்கோன் வளையம், சத்திரசிகிச்சை என வழிகள் பல உள. மலச்சிக்கலையும் நீடித்த இருமலையும் போக்குதலும், பாரந் தூக்குதலைக் குறைத்தலும் நலந்தரும். ஏணியிற் கட்டிய காலம் மறைந்தது. நாணம் மட்டும் மறைந்திலது. அடிவயிற்றிற் பாரமோ, ஏதோ கீழிறங்கும் உணர்வோ தோன்றின், அதனை விதியென்று பொறுத்திராது மருத்துவரிடம் உரைத்தலே அறிவுடைமை.