அரக்குத் தட்டில் உறைந்த உருக்கம்

கேட்டவுடன் நெஞ்சைக் கரைத்துவிடும் இசைத்தட்டுகள் எவை என்று மேலைநாட்டு ரசிகர்களைக் கேட்டால், அவர்கள் பெரும்பாலும் 'சோல்' இசையையே சுட்டுவார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு, 1950களில் ரே சார்லஸ், ஸாம் குக் போன்றோர் வழியாக உலகியல் காதலையும் துயரையும் பாடத் தொடங்கியபோது பிறந்த இசை அது. கடவுளை அழைத்த அதே குரல் காதலியை அழைத்தது. பெயர் மாறியது, குரலின் ஏக்கம் மாறவில்லை.

இதற்கு நிகரான ஒன்று தமிழில் உண்டா? உண்டு என்பதே நம் எண்ணம். அதைத் தேடவேண்டிய இடம் கச்சேரி மேடையும் அன்று, பிற்காலத் திரைப்பாடலும் அன்று. 1920களின் இறுதியிலிருந்து 1940கள் வரை வெளியான, நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும் கிராமபோன் தட்டுகளில்தான் அது உறைந்து கிடக்கிறது. ஆனால் அத்தட்டுகளை நாம் கேட்கும் முறையில் ஒரு கோளாறு இருப்பதாகத் தோன்றுகிறது. பாடியவரின் சோகக் கதையை முதலில் கேட்டுவிட்டு, பிறகு அந்தக் கதையைக் குரலுக்குள் தேடுகிறோம். கதை கண்ணீரை வரவழைத்துவிடுகிறது. குரல் என்ன செய்தது என்பது கவனிக்கப்படாமலே போகிறது.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் 1902ஆம் ஆண்டு கல்கத்தா வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்ததிலிருந்து இந்தியாவில் இசைத்தட்டு வரலாறு தொடங்குகிறது. அக்காலத்தில் மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பின் வாய்க்கு முன் நின்று உரக்கப் பாடவேண்டும். ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மெல்லிய குரல்கள் அதில் பதியவே பதியா. மின்சார ஒலிப்பதிவு 1925க்குப் பிறகே உலகெங்கும் பரவியது. வெளிவந்த தட்டு அரக்கும் கல்தூளும் கலந்து வார்த்தது. கீழே விழுந்தால் உடையும், வெயிலில் வைத்தால் வளையும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்றே கூடுதலாகத்தான் பாட முடியும்.

இந்த நெருக்கடி கச்சேரி வித்துவான்களுக்குத் தண்டனையாக இருந்தது. அரைமணி நேரம் ஆலாபனை செய்து பழகியவரை மூன்று நிமிடத்தில் முடி என்றால் என்ன செய்வார்? நாடக மேடைப் பாடகர்களுக்கோ அது இயல்பாகப் பொருந்திற்று. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி, எடுத்த எடுப்பிலேயே மேல்ஸ்தாயியில் பாடிப் பழகியவர்கள் அவர்கள். சபை தன்வசமாக அவர்களுக்கும் சில கணங்களே உண்டு. தமிழ் இசைத்தட்டுகளின் பொற்காலத்தில் நாடகப் பாடகர்கள் முன்னின்றதற்கு இதுவே காரணமாயிருக்கவேண்டும்.

அவர்களில் முதலில் வைக்கவேண்டியவர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. 1906இல் பிறந்தவர், சிறுவயதிலேயே மேடையேறியவர், கன்னையா கம்பெனி நாடகங்களால் புகழின் உச்சிக்குச் சென்றவர். 1933 டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழு வயதில் மறைந்தார். அவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. மேடையில் அவரைக் கண்டவர்களும் இன்று இல்லை. எஞ்சியிருப்பவை தட்டுகள் மட்டுமே.

அவற்றுள் நாம் திரும்பத் திரும்பக் கேட்பது வள்ளலாரின் 'கோடையிலே இளைப்பாற்றி' என்னும் விருத்தம். திருவள்ளூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்லலாம். மணவாள நகரிலிருந்து சிறிது தொலைவில் பள்ளிகொண்டிருக்கும் வைத்திய வீரராகவரை வள்ளலார் பாடியிருக்கிறார். திருஅருட்பாவில் அப்பஞ்சகம் இருக்கிறது. நோய் தீர்க்கும் பெருமாள் என்று அமாவாசைதோறும் கூட்டம் கூடும் தலம் அது. வள்ளலாரின் பக்தியில் இளைப்பும் நோயும் தாகமும் வெறும் உருவகங்கள் அல்ல, உடலறிந்த உண்மைகள். 'கோடையிலே' விருத்தமும் அப்படிப்பட்டதே. வெயிலில் நடந்து களைத்தவனுக்கு மர நிழல், அம்மரத்தில் கனி, ஓடைத் தண்ணீர், அதன் நடுவே மலர், மேடைமேல் வீசும் தென்றல் என்று ஒவ்வொன்றாகக் கடவுளை அடுக்கிச் செல்கிறது பாட்டு.

கவனிக்கவேண்டியது இதுதான்: இவ்விருத்தத்தில் அழுகைக்குரிய சொல் ஒன்றுகூட இல்லை. மரணம் இல்லை, பிரிவு இல்லை, முறையீடு இல்லை. முழுவதும் குளிர்ச்சி. ஆயினும் கிட்டப்பா பாடக் கேட்கையில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஏன்? விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. மிருதங்கமோ தபலாவோ தாங்கிப் பிடிக்காத வெளியில் குரல் தனியே நடக்கவேண்டும். நிழலும் நீரும் காற்றும் கிடைத்தவனின் நிறைவைப் பாட்டின் சொற்கள் சொல்லிக்கொண்டிருக்க, குரலோ இன்னும் வெயிலிலேயே நடப்பவனுடையதாக இருக்கிறது. உச்சத்தில் மின்னலென விரையும் பிருகாக்களில் மிடுக்கைக் காட்டிலும் அவசரமே மிகுதி. கிடைத்ததைப் பாடுகிறானா, கிடைக்காததைப் பாடுகிறானா என்று நமக்குத் தெளிவாகாத அந்த இடத்தில்தான் உருக்கம் பிறக்கிறது. தட்டின் நேரம் தீர்கிறது என்ற நெருக்கடியும் அந்த அவசரத்தில் ஒரு பங்கு வகித்திருக்கலாம்.

இளவயதில் இறந்தவர் என்பதால் அவர் குரலில் மரண நிழலைக் கேட்பதாகச் சொல்வோர் உண்டு. ஓடிஸ் ரெடிங் என்னும் சோல் பாடகர் 1967 டிசம்பர் 10ஆம் நாள் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. அதற்குச் சில நாட்கள் முன்புதான் கப்பல்துறைத் திண்ணையில் அமர்ந்திருப்பவனைப் பற்றிய பாட்டைப் பதிவு செய்து முடித்திருந்தார். இறுதியில் வரும் சீழ்க்கை ஒலியைப் பிரியாவிடை என்று உலகம் கேட்டது. அவ்விடத்தில் பாடுவதற்குச் சொல் அகப்படாமல் சீழ்க்கையடித்தார் என்பதே உடனிருந்தோர் வழியாக வரும் செய்தி. கிட்டப்பாவின் தட்டுகளும் இப்படித்தான். பாடும்போது அவர் தமிழகமே கொண்டாடிய இளைஞர். சாகப் போகிறவர் அல்லர். மரணத்தை அக்குரலில் ஏற்றியவர்கள் பின்னால் வந்த நாம்.

கதை குரலை விழுங்கியதற்கு இன்னும் பெரிய சான்று கே.பி.சுந்தராம்பாள். 1908இல் கொடுமுடியில் பிறந்த அவர், வறுமை காரணமாக ரயிலில் பாடித் திரிந்தபோது நாடக உலகின் கண்ணில் பட்டார் என்று சொல்லப்படுகிறது. இலங்கையில் நாடகம் நடத்தச் சென்ற இடத்தில் கிட்டப்பாவைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து நடித்த வள்ளி திருமணத்துக்குக் கூட்டம் அலைமோதிற்று. 1927இல் மணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. ஆறே ஆண்டுகளில் கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை உடுத்த சுந்தராம்பாள், எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதிபூண்டார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகத் தாமே ஆண் வேடம் புனைந்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று நாடெங்கும் பேச்சு.

இக்கதையை நாம் அனைவரும் அறிவோம். கதையில் விடுபடுவது என்னவென்றால், அவ்விருவரும் இறுதிக் காலத்தில் பிரிந்தே இருந்தார்கள் என்பது. ப.சோழநாடன் எழுதிய சுந்தராம்பாள் வரலாற்றில் அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றில் பேசுபவள் கண்ணகி அல்லள். கோபப்படுகிறாள், குத்திக்காட்டுகிறாள், தன்மானத்தோடு கணக்குக் கேட்கிறாள். வெள்ளைச் சேலைப் படிமத்தை வணங்குவோர் இக்கடிதங்களை ஏனோ மேற்கோள் காட்டுவதில்லை. தட்டுகளில் உள்ள குரலோ கடிதங்களில் உள்ள பெண்ணுக்கே நெருக்கமானது என்பது நம் துணிபு. இறைஞ்சும்போதும் அது பணிவதில்லை. முருகனை அழைக்கும் இடத்தில்கூட, வரவேண்டியவன் ஏன் இன்னும் வரவில்லை என்ற உரிமைக் குரல்தான் கேட்கிறது.

அவர் பாடிய நேரடியான இரங்கற் பாட்டொன்றும் தட்டாக வந்தது. 1931 பிப்ரவரியில் மோதிலால் நேரு மறைந்தபோது பாடியது அது. செய்தித்தாள் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்நாளில் இசைத்தட்டே செய்தித்தாள். தேசியப் பாடல்களை மேடையிலும் தட்டிலும் பரப்பிய நாடகக் கலைஞர்களைப் பற்றி சு.தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியிருக்கிறார். வரலாற்று ஆவணம் என்ற முறையில் அவ்விரங்கற் பாட்டின் மதிப்புப் பெரிது. எனினும் இன்று கேட்கையில் அது நம்மை உலுக்குவதில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். துக்கத்தைப் பெயர் சொல்லி அழைத்த பாட்டு காலத்தோடு நின்றுவிட, துக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத வள்ளலார் விருத்தம் இன்றும் கலங்கவைக்கிறது.

மூன்றாவது பெயர் என்.சி.வசந்தகோகிலம். இவர் நாடகக்காரர் அல்லர். முறையாகச் சங்கீதம் பயின்று கச்சேரி செய்தவர். 1919இல் பிறந்து, காசநோயால் 1951இல், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளி கண்ட ஹரிதாஸ் படத்தில் தியாகராஜ பாகவதரின் மனைவியாக நடித்தவர் என்று சொன்னால் சிலருக்கு நினைவு வரலாம். அவரது 'தந்தை தாய் இருந்தால்' என்ற தட்டு தமிழ் இசைத்தட்டுகளிலேயே விசித்திரமானது. அது நிந்தாஸ்துதி வகை. சிவனைப் பார்த்துப் பாட்டு கேட்கிறது: ஒருவன் கல்லால் எறிந்தான், ஒருவன் செருப்புக்காலை ஊன்றினான், ஒருவன் வில்லால் அடித்தான், ஒருவன் பிரம்பால் அடித்தான், தாய் தந்தை இருந்திருந்தால் உமக்கு இந்தக் கதி வருமா? சாக்கிய நாயனார், கண்ணப்பர், அர்ச்சுனன், பாண்டியன் என்று புராணம் அறிந்தவர் சிரித்துக்கொண்டே பட்டியலிடலாம். தமிழ் மரபில் இது ஒரு கேலிப் பாட்டு.

வசந்தகோகிலம் அதைக் கேலியாகப் பாடவில்லை. மென்மையான, கொஞ்சம்கூட முறுக்கேறாத குரலில், பிறப்பில்லாதவன் என்று நாம் பெருமையாகச் சொல்லும் கடவுளை ஓர் அநாதைக் குழந்தையாக்கிவிடுகிறார். அடிபட்ட பிள்ளைக்காகப் பரிந்து பேசும் அண்டைவீட்டுப் பெண்ணின் தொனி அது. சொல்லில் நகைச்சுவையும் குரலில் இரக்கமும் ஒன்றையொன்று மறுக்காமல் உடனோடுகின்றன. சாகித்யத்தைச் சிதைக்காமல், ஒரு சொல்லையும் அழுத்தி நடிக்காமல் இதைச் செய்திருக்கிறார் என்பதே வியப்பு. திரையில் விம்மிப் பாடுவதையே உருக்கம் என்று பழகிவிட்ட செவிகளுக்கு இது முதல்முறை பிடிபடாமலும் போகலாம்.

அருணாசலக் கவிராயரின் 'ஏன் பள்ளி கொண்டீரையா' பாட்டையும் அவர் பாடியிருக்கிறார். இராமாவதாரத்தில் பட்ட பாடுகளையெல்லாம் எண்ணி, அந்தக் களைப்பினாலா படுத்துவிட்டீர் என்று அரங்கனைக் கேட்கும் பாட்டு. இதையும் அதே பரிவோடுதான் கேட்கிறார். வீரராகவர் சந்நிதிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் சற்று நெருக்கமாகவே ஒலிக்கும்.

இத்தட்டுகளின் பின்வரலாறு அவ்வளவு மகிழ்ச்சிக்குரியதன்று. கிட்டப்பா புகழ்பெறச் செய்த 'காயாத கானகத்தே' பாட்டை, அவர் பாணியைப் பின்பற்றி வளர்ந்த டி.ஆர்.மகாலிங்கம் 1945இல் ஸ்ரீவள்ளி படத்தில் பாடினார். இன்று பலருக்கு அது மகாலிங்கத்தின் பாட்டு. நீண்டநேரத் தட்டுகள் வந்தபின் 78 சுற்றுத் தட்டுகள் பரணுக்கும் பழைய சாமான் கடைக்கும் போயின. உடைந்தவை உடைந்தன. எஞ்சியவற்றைச் சேகரிப்பாளர்கள் தம் செலவில் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றியதால்தான் நாம் இவற்றைப் பேச முடிகிறது.

அப்படி ஏற்றப்பட்டவற்றைக் கேட்போர் ஒன்றை மனத்தில் வைக்கவேண்டும். எல்லாத் தட்டுகளும் துல்லியமாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 78இல் பதிவான தட்டை 80இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி உயர்ந்துவிடும். கிட்டப்பாவின் சுருதி எத்தனை கட்டை என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுவதில் பாதி, சுழற்றிய இயந்திரத்தைப் பற்றிய வாதமாகவும் இருக்கக்கூடும். இரைச்சலை நீக்கியதாகச் சொல்லும் பதிப்புகளில் ஊசியின் கரகரப்போடு குரலின் விளிம்பும் மழிக்கப்பட்டுவிடுகிறது. 'கோடையிலே' விருத்தத்துக்குக் கரகரப்பு நீக்காத பதிவும் கிடைத்தால் அதையே முதலில் கேட்கவும். நல்ல காதணி ஒலிவாங்கியில், விளக்கை அணைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல். மூன்று நிமிடம்தான்.