பொன்முலாமும் பழவடிவமும்: தமிழகக் கவரிங் அணிகலன்களின் வரலாறு – ஊத்தங்கரை, ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கவரிங் நகைகள் தங்க நகையின் போலி என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. அணிகலன் வரலாற்றாய்வுகளிலும் அவற்றுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பிற உலோகத்தின்மீது பொன் போர்த்தும் தொழில்நுட்பம் தமிழகத்தில் தொன்மையானது என்பதையும், தங்கம் தலைமுறைதோறும் உருக்கப்படுவதால் மறையும் பழைய வடிவங்கள் பலவற்றைக் கவரிங் நகைகளே இன்றைய பெண்களின் அன்றாடப் புழக்கத்தில் நிறுத்தியுள்ளன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கவரிங், பொன்முலாம், கெம்பு, கோயில் நகை, தங்கக் கட்டுப்பாடு, ஊத்தங்கரை.

முன்னுரை

தமிழர் அணிகலன்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியத்தில் தொடங்கிக் கல்வெட்டு, சிற்பம் ஆகியவற்றின் வழியே பொன்னைப் பின்தொடர்கின்றன. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை மாதவியின் அணிகளை நிரல்படக் கூறுகிறது. ஊர்காண் காதை சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னை நால்வகைப்படுத்துகிறது. இவை இத்துறையின் நிலையான சான்றுகள். ஆனால் திருமண வீட்டிலும் திருவிழாவிலும் நாட்டிய மேடையிலும் இன்று கண்ணில் படும் அணிகளுள் கணிசமானவை பொன்முலாம் பூசியவை. மக்கள் வழக்கில் அவை கில்ட்டு, ரோல்டு கோல்டு, கவரிங், ஒரு கிராம் தங்கம் எனப் பல பெயர் பெறுகின்றன. அண்மைக்காலத்தில் பழமைத் தோற்றம் தருமாறு மங்கலாக மெருகிடப்பட்டவை ‘ஆன்டிக்’ நகை எனப்படுகின்றன.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் தென்கிழக்கில், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஊத்தங்கரை அமைந்துள்ளது. மாவட்டத்தின் வடமேற்கில் கருநாடக எல்லையை ஒட்டி ஓசூர் உள்ளது. ஒருபுறம் பழங்கால நடுகற்கள், மறுபுறம் புத்தாக்க நகைத் தொழிற்சாலை என இரு முனைகளையும் கொண்டிருப்பதால் இவ்வட்டாரம் இங்கு ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகிறது.

பொன் போர்த்தும் மரபு

மலிவான உலோகத்தின்மீது பொன்னைப் போர்த்துவது ஏமாற்றுக்காகத் தோன்றிய தொழில்நுட்பம் என்னும் எண்ணத்தைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே மறுக்கிறது. முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்கு 3083 பலம் எடையுள்ள செப்புக் குடத்தையும், அதன்மீது போர்த்த 2926½ கழஞ்சு பொன் தகட்டையும் அளித்தான். செம்பின் எடையும் பொன்னின் எடையும் தனித்தனியே வெட்டப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. உள்ளே செம்பு என்பது மறைக்கப்படவில்லை, கல்லிலேயே பொறிக்கப்பட்டது. அதே கோயிலுக்கு அளிக்கப்பட்ட அணிகலன்களைக் குறிக்கும் கல்வெட்டுகளும் எடையில் அரக்கு முதலியன அடங்கியுள்ளனவா என்பதைச் சுட்டுகின்றன. ஒளிவுமறைவற்ற இக்கணக்கே போர்த்தலையும் போலியையும் வேறுபடுத்தும் அளவுகோலாகிறது.

தென்மாவட்ட மூதாட்டியர் அணிந்த தண்டட்டி, பாம்படம் போன்ற காதணிகள் மெல்லிய பொன் தகட்டால் கூடாகச் செய்யப்பட்டு அரக்கால் நிரப்பப்பட்டவை. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் வெள்ளியை உடலாகவும் பொன் தகட்டை மேனியாகவும் கொண்டு கெம்புக் கற்கள் பதிக்கப்பெற்றவை. இவை 2007–08ஆம் ஆண்டு ‘நாகர்கோவில் கோயில் நகைகள்’ என்னும் பெயரில் புவிசார் குறியீடு பெற்றன. ஆகவே தமிழகம் தன் மரபுச் சின்னமாகச் சட்டப் பாதுகாப்பு அளித்துள்ள நகையும் அமைப்பளவில் போர்த்திய நகையே.

‘கெம்பு’ என்னும் சொல்லும் கவனத்திற்குரியது. கன்னடத்தில் ‘கெம்பு’ என்பது சிவப்பு. தமிழில் ககரம் சகரமாகத் திரிந்து ‘செம்மை’ என நிற்பதும் அதே வேர்தான். தமிழ் நகைத்தொழிலில் சிவப்புக் கல்லின் பெயர் திரியாத வடிவில் வழங்குவது, இக்கலை கன்னட நிலத்தோடு கொண்ட கொடுக்கல் வாங்கலைக் காட்டும் சான்றாகலாம்.

ஐரோப்பாவிலும் இதனை ஒத்த வரலாறு உண்டு. இலண்டன் கடிகாரத் தொழிலாளர் கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்பும் துத்தநாகமும் கலந்து பொன்னிறக் கலவை செய்தார். 1840இல் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். 1920களில் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் போலி முத்துகளை வெளிப்படையாகவே நாகரிகமாக்கினார். தமிழகத்தில் கவரிங் பெருகிய சூழல் இதனின் வேறானது. அங்கே நாகரிகம் செய்ததை இங்கே சட்டமும் விலையும் செய்தன.

தங்கக் கட்டுப்பாடும் கவரிங்கும்

1962ஆம் ஆண்டுச் சீனப் போரை அடுத்து அன்னியச் செலாவணி நெருக்கடி முற்றியது. 1963 சனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் செய்யப்படுதல் தடுக்கப்பட்டது. 22 காரட் நகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு பொன் உண்டு. 14 காரட்டில் 58 பங்கே உண்டு. வழிவழியாக உயர்காரட் பொன்னை மென்மையாக இழைத்துப் பழகிய பொற்கொல்லர் நாடெங்கும் வேலையிழந்தனர்; கிளர்ச்சிகளும் எழுந்தன. 14 காரட் விதி 1966இல் கைவிடப்பட்டது. ஆயினும் 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்படும்வரை உரிமம், கணக்கு, இருப்பு வரம்பு ஆகியவற்றால் தொழிலை நெருக்கியது.

இச்சட்டம் குறிவைத்தது பொன்னின் தூய்மையையும் இருப்பையும். பித்தளையையும் செம்பையும் உடலாகக் கொண்ட நகைக்கு அந்த நெருக்கடி இல்லை. சிதம்பரம் கவரிங்குக்குப் பெயர்பெற்ற ஊராயிற்று. ஆந்திரத்தில் மசூலிப்பட்டினத்தை அடுத்த சிலகலபூடியும் இவ்வாறே புகழ்பெற்றது. கவரிங்கின் வளர்ச்சிக்குச் சட்டம் மட்டுமே காரணம் எனல் மிகை. மின்முலாம் எளிதானதும் தங்க விலை ஏறியதும் உடன் காரணங்கள். ஒரு கிராம் பொன்னை ஒரு மைக்ரான் தடிப்பில் பூசினால் ஏறத்தாழ 518 சதுர செண்டிமீட்டர் பரப்பை மூடலாம். சவரனில் எட்டில் ஒரு பங்கான இவ்வளவு பொன், முழுக் கழுத்தணி ஒன்றுக்கு மேனியாகப் போதும்.

மேடை காத்த வடிவங்கள்

1935இல் ருக்மிணி தேவி சென்னையில் பரதநாட்டியம் ஆடினார். 1936இல் கலாசேத்திரம் தோன்றியது. தேவரடியார் மரபை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 1947இல் நிறைவேறியது. கோயிலோடு பிணைந்திருந்த ஆடற்கலை நடுத்தர வர்க்கத்தின் மேடைக்கு வந்தபோது அதன் அணித்தொகுதியும் உடன் வந்தது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, இராக்கொடி, சடைநாகம், மாட்டல், சிமிக்கி, புல்லாக்கு, அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் என நீளும் இத்தொகுதி முழுவதையும் தங்கத்தில் செய்துகொள்ளும் வசதி மிகச் சிலருக்கே உண்டு. நடனம் பயிலும் சிறுமியர் பெருகப் பெருகக் கெம்புக்கல் பதித்த முலாம் நகைக்கு நிலையான தேவை உருவாயிற்று. மணப்பெண் ஒப்பனை இத்தேவையை மேலும் விரித்தது.

உருகும் பொன்னும் நிற்கும் வடிவமும்

தங்க நகை அணிகலனாகவும் சேமிப்பாகவும் இருக்கிறது. இடர் வந்தால் அடகுக்குப் போகும். மகளுக்குத் திருமணம் வந்தால் உருக்கப்பட்டுப் புதுவடிவம் பெறும். பாட்டியின் காசுமாலை பேத்தியின் நெக்லஸ் ஆகும்போது பொன் எஞ்சுகிறது; வடிவம் அழிகிறது. கவரிங் நகைக்கு உருக்கு மதிப்பு இல்லை. ஆதலால் அதன் வடிவம் பட்டறை அச்சுகளில் நிலைத்து, தேய்ந்த நகைக்கு ஈடாக அதே வடிவில் மற்றொன்றைத் தருகிறது. மறுவிற்பனை மதிப்பின்மையே அதன் வடிவத்துக்குக் காவலாயிற்று.

ஊத்தங்கரை, செங்கம் பகுதிகளின் நடுகற்கள் இதனை வேறொரு வகையில் விளக்குகின்றன. வீரரின் காதணியும், சதிக்கற்களில் உயர்த்திய கையின் வளையலும் கல்லில் வடிவமாகவே நிற்கின்றன. அவர்கள் அணிந்த உலோகம் எங்கெங்கோ உருமாறிவிட்டது. வடிவத்தைக் காப்பது பெரும்பாலும் விலைமதிப்பற்ற பொருளே.

ஓசூர் இதற்கு மறுதலையான சான்று. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் 1990களில் ஓசூரில் நகைத் தொழிற்சாலை அமைத்தது. அதன் தனிஷ்க் கடை முதன்முதலில் 1996இல் சென்னையில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் 18 காரட் நகைகளை முன்னிறுத்திய நிறுவனம், வாங்குவோர் விருப்பத்துக்கு இணங்கி 22 காரட்டுக்குத் திரும்பியது. பின்னர் ‘ஜோதா அக்பர்’ (2008), ‘பத்மாவத்’ (2018) போன்ற வரலாற்றுத் திரைப்படங்களுக்கு நகை வடிவமைத்துப் பழவடிவங்களைச் சந்தைப்படுத்தியது. பழமையை மீட்கும் முயற்சி தங்கத்திலும் நிகழ்கிறது என்பதற்கு இது சான்று. ஆயின் அங்கு மீட்கப்பட்ட பழமை பெரிதும் வடநாட்டு அரண்மனைப் பழமை. காசுமாலையும் மாங்காய் மாலையும் எளிய மகளிரின் கழுத்தில் நிலைத்திருப்பது முலாத்தின் வழியாகவே.

இக்காப்பு முழுமையானதன்று என்பதையும் சுட்ட வேண்டும். காதுத்துளையை நீட்டி வளர்க்கும் வழக்கம் மறைந்தபின் தண்டட்டியை அணியத்தக்க காது இல்லாமற் போயிற்று. கவரிங்கும் அதனைப் பரவலாக மீட்கவில்லை. இன்றைய உடல் ஏற்கும் வடிவங்களையே முலாம் காக்கிறது. மேலும் அச்சுப்பதிப்பு வட்டார வேறுபாடுகளை ஒரே சாயலாக்கிவிடுகிறது.

அணிமுறையும் பேணுமுறையும்

பழவடிவ நகைகளின் அணிமுறையில் உடலறிவு பொதிந்துள்ளது. அட்டிகை கழுத்தை ஒட்டியும், மாங்காய் மாலையும் காசுமாலையும் அதன்கீழ் மார்பிலும் படிநிலையாக அமையும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பதே அழகு. மாட்டல் வெறும் ஒப்பனையன்று. சிமிக்கியின் பளுவைக் கூந்தலுக்கு மாற்றிக் காதுமடலைக் காக்கும் கருவி அது. இன்று முழுத் தொகுதி மணவறைக்கும் மேடைக்கும் உரியதாகிவிட, அன்றாடத்தில் பருத்திப் புடவையோடு ஒற்றைப் பழவடிவ நகையை மட்டும் அணியும் முறை பரவியுள்ளது.

முலாம் மெல்லியதாதலால் வியர்வையின் உப்பும் வாசனைத் திரவமும் அதனை விரைவில் அரிக்கும். ஒப்பனை முடிந்தபின் கடைசியாக அணிந்து, முதலில் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துப் பஞ்சில் பொதிந்து வைப்பது நலம். மேற்பூச்சு தேய்ந்து நிக்கல் வெளிப்பட்டால் சிலருக்குத் தோல் அரிப்பு ஏற்படும். அத்தகைய நகைக்கு மீண்டும் முலாமிட வேண்டும்.

அணிதலில் ஒரு வரம்பும் பேணப்படுகிறது. பிற அணிகள் கவரிங்காக இருப்பினும் தாலி தங்கமாக இருக்க வேண்டும் என்பது பரவலான எண்ணம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் அரசு 2011 முதல் 4 கிராமும் 2016 முதல் 8 கிராமும் தாலிக்கெனத் தங்கம் வழங்கியதும் இவ்வெண்ணத்தை ஒட்டியதே. இத்திட்டம் 2022இல் மாணவியர் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. தாலிப் பொன் சடங்குக்கும், அடகிலுள்ள பொன் குடும்பத்தின் இடர்க்காலத்துக்கும் உரியதாக, ஊரார் முன் நிற்கும் பெண்ணின் மதிப்பைக் கழுத்திலுள்ள கவரிங் தாங்குகிறது.

முடிவுரை

பொன் போர்த்தல் தமிழக உலோகக் கலையின் பழமையான கூறு என்பதும், 1963க்குப் பிந்தைய சட்டச் சூழலும் விலையேற்றமும் நாட்டிய மேடையும் அதனைப் பரவலாக்கின என்பதும், உருக்கு மதிப்பின்மையால் அது பழவடிவங்களின் கொள்கலனாயிற்று என்பதும் மேற்கண்டவற்றால் பெறப்படும். ‘போலி’ என்னும் சொல், பொன் என்று சொல்லி விற்கப்படும் பொருளுக்கே பொருந்தும். கவரிங் தன் பெயரிலேயே தன் இயல்பை அறிவித்துவிடுகிறது. பட்டறைகளில் கைவிடப்படும் பழைய அச்சுகள் பழைய இரும்பாக எடைக்குப் போகுமுன் அவற்றை வட்டாரவாரியாகத் தொகுத்து, வடிவப்பெயர்களோடு ஆவணப்படுத்துவது அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் மேற்கொள்ளத்தக்க உடனடிப் பணி.