கல்விக்கூடத்தில் துப்பாக்கி: ஒரு பழைய வழக்கு

பல்கலைக்கழக மாணவர் துப்பாக்கியுடன் வகுப்பறைக்குள் நுழையலாமா என்னும் கேள்வி, அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் முளைத்த ஒன்றென்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றைப் புரட்டினால், அது ஏறத்தாழ இருநூறாண்டுப் பழமை உடையது என்பது தெரியவரும். அப்பழைய வழக்கை அறிந்த பின் இன்றைய வாதங்களை எடைபோடுவது எளிது.

1824ஆம் ஆண்டு, வர்ஜீனியா பல்கலைக்கழகம் திறக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, அதன் ஆட்சிக்குழு கூடி மாணவர்க்கான விதிகளை வகுத்தது. குழுவின் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன். உடன் அமர்ந்திருந்தவர் ஜேம்ஸ் மாடிசன். ஆயுதம் தாங்கும் உரிமையைக் கூறும் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தத்தை முதலில் வரைந்தவர் அவரே. மாணவர் எவரும் வளாக எல்லைக்குள் மதுவையோ, எவ்வகை ஆயுதத்தையோ, வெடிமருந்தையோ வைத்திருக்கலாகாது என்று அக்குழு விதித்தது. அக்கால மாணவர் பலர் பதினாறு, பதினேழு வயதினர்; இன்றைய மாணவரோ வாக்குரிமை உடைய குடிமக்கள் என்று மறுப்போர் கூறலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அடுத்து நிகழ்ந்தவற்றையும் நாம் பார்க்க வேண்டும்.

விதி ஏட்டில் இருந்தது. துப்பாக்கிகள் மாணவர் அறைகளில் இருந்தன. 1836இல் மாணவர் தொண்டர் படை ஒன்று, ஆசிரியர் குழு விதித்த நிபந்தனைகளை ஏற்கவும் மறுத்தது, ஆயுதங்களைக் கைவிடவும் மறுத்தது. கலகம் மூண்டது. வானை நோக்கித் துப்பாக்கிகள் வெடித்தன. எழுபது பேர் அளவில் வெளியேற்றப்பட்டு, பின்னர் பலர் திரும்பச் சேர்க்கப்பட்டனர். அதன் பின் ஆண்டுதோறும் மாணவர் அக்கலகத்தின் நினைவு நாளை ஆரவாரத்துடன் கொண்டாடலாயினர். 1840 நவம்பர் 12ஆம் நாள் இரவு அத்தகைய கொண்டாட்டத்தின்போது வெடிச்சத்தம் கேட்டு வெளியே வந்தார் சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ். முகமூடி அணிந்திருந்த ஒருவனைப் பிடிக்க முனைந்தபோது அவன் அவரைச் சுட்டான். இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார். சுட்டவன் அப்பல்கலைக்கழக மாணவனே. பிணையில் வெளிவந்து தப்பிச் சென்றான். வழக்கு தீர்ப்பை எட்டவே இல்லை.

டேவிஸின் இடத்திற்கு வந்தவர் ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர். 1842இல் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: தேர்வில் எவரிடமும் உதவி பெறவில்லை என்று மாணவன் தன் கௌரவத்தின் மேல் உறுதி எழுதித் தர வேண்டும். ஆயுதத்தோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை. எனினும் ஆசிரியரும் மாணவரும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்து வந்த ஓரிடத்தில், நம்பிக்கையை அடித்தளமாக வைக்க முயன்ற முதல் அடி அது.

இனி டெக்சாஸ் மாநிலத்துக்கு வருவோம். 1966 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கோபுரத்தில் ஏறிய சார்லஸ் விட்மன் என்னும் மாணவன், கீழே நடமாடியோரைச் சுட்டுத் தள்ளினான். ஒன்றரை மணி நேரம் நீடித்தது அக்கொடுமை. வீடுகளுக்கு ஓடி வேட்டைத் துப்பாக்கிகளை எடுத்து வந்த பொதுமக்கள் கோபுரத்தை நோக்கித் திருப்பிச் சுட்டனர். அதனால் விட்மன் தடுப்புச் சுவரின் பின் பதுங்க நேர்ந்தது. அவனை வீழ்த்திய காவலருள் ஒருவரான ரமிரோ மார்ட்டினெஸ் பின்னாளில் இவ்வுதவியைப் பாராட்டினார். ஆயுத உரிமை பேசுவோர் எடுத்துக்காட்டும் இச்சான்று மெய்யானது. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் காவலர் மேல்தளத்தை அடைந்தபோது, கீழிருந்து வந்த அதே குண்டுகள் அவர்களுக்கும் ஆபத்தாயின என்பதும் மெய். மேலும், அன்று பயன்பட்டவை நெடுந்தொலைவு பாயும் நீள்துப்பாக்கிகள். வகுப்பறைக்குக் கொண்டுவரப்படும் கைத்துப்பாக்கிகள் அல்ல.

2006இல் வர்ஜீனியா சட்டமன்றத்தில், உரிமம் பெற்ற மாணவர் துப்பாக்கி வைத்திருப்பதைப் பல்கலைக்கழகங்கள் தடுக்கலாகாது என்னும் மசோதா குழு நிலையிலேயே கைவிடப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக்கில் ஒரு மாணவன் 32 பேரைக் கொன்றான். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நீரியல் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன், கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்தவர், அவர்களுள் ஒருவர். மசோதா நிறைவேறியிருந்தால் என்று ஒரு தரப்பும், துப்பாக்கி எளிதில் கிடைத்திராவிட்டால் என்று மறுதரப்பும் அன்று முதல் வாதாடி வருகின்றன. டெக்சாஸில், உரிமம் பெற்றோர் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு அரசுப் பல்கலைக்கழக வளாகங்களில் நடமாட இசைவளித்த சட்டம் 2016 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கோபுரக் கொலைகளின் சரியான ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாள் அது. இறந்தோர் பெயர் பொறித்த நினைவுக்கல்லும் அன்றே திறக்கப்பட்டது. வகுப்பில் மனம்விட்டு விவாதிக்க இயலாது என்று மூன்று பேராசிரியர்கள் தொடுத்த வழக்கை, அவர்களது அச்சம் உறுதியான தீங்கை நிறுவவில்லை என்று கூறி 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆயுதம் ஏந்திய மாணவர் என்னும் வாதம், நல்ல மாணவர் உள்ளே, கொலைகாரன் வெளியே என்று ஒரு கோட்டைக் கற்பிதம் செய்கிறது. 1840, 1966, 2007 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சுட்டவனின் பெயர் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வருகைப் பதிவேட்டிலேயே இருந்தது. எவரைக் காக்க ஆயுதம் தருகிறோமோ அவருக்கும், எவருக்கு அஞ்சி ஆயுதம் தருகிறோமோ அவருக்கும் நுழைவுச் சீட்டு ஒன்றே. வாசலில் எந்தச் சட்டமும் இவ்விருவரையும் பிரித்தறிய முடியாது. ஜெஃபர்சனும் மாடிசனும் குடிமகனின் உரிமையை மறந்து அவ்விதியை எழுதியிருக்க மாட்டார்கள். சொல்லுக்குச் சொல்லே மறுமொழியாக வேண்டிய ஓரிடத்தைத் தனித்துக் காக்க விரும்பினர் என்றே நாம் கொள்ள வேண்டியிருக்கிறது.