கூப்பு யானைக்கு அஞ்சலி

ஆனைமலையிலும் முதுமலையிலும் நூறாண்டுக்கு மேல் கூப்பில், அதாவது மரம் வெட்டும் காட்டில், மரம் இழுத்து வாழ்ந்த கூப்பு யானை இன்று இல்லை. யானைகள் இருக்கின்றன, முகாம்கள் இருக்கின்றன. அந்த வேலையும் அதைச் சுற்றி வளர்ந்த வாழ்வும்தான் நம்மை விட்டுப் போய்விட்டன.

அது விரும்பி வந்த உயிர் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயில் கப்பல் கட்ட ஆனைமலைத் தேக்கு வேண்டியிருந்தது. அதை இழுக்க யானை பிடித்தார்கள். யானைத் தடத்தில் குழி வெட்டி, மேலே மூங்கிலும் தழையும் பரப்பி, விழுந்ததைக் கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்து, பட்டினியும் கரும்பும் மாறி மாறிக் காட்டிப் பழக்கினார்கள். தாயும் சித்தியும் தமக்கையும் கூடிக் கன்று வளர்க்கும் கூட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட அந்த உயிர், பிரித்த மனிதரையே உறவாக ஏற்றுக்கொண்டதை நினைத்தால் நமக்குத் தலை குனிகிறது.

இரவு மேய விட்ட யானையின் காற்சங்கிலி மண்ணில் இழுபட்ட தடத்தைப் பார்த்துப் பார்த்தே விடியலில் பாகனும் அவன் உதவியாளான காவடியும் அதைத் தேடிப் பிடிப்பார்கள். ஆனைமலையில் இவர்கள் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த தொழில். வண்டி நுழையாத பள்ளங்களிலிருந்து தேக்கைச் சங்கிலி பூட்டி இழுத்து, கொம்பாலும் துதிக்கையாலும் உருட்டி அடுக்கி, வெயில் ஏறியதும் வேலையை விட்டு, ஆற்றில் ஒருக்களித்துப் படுத்துத் தேய்த்துவிடச் சொல்லி, மாலையில் கேழ்வரகும் கொள்ளும் உருட்டிய கவளம் வாங்கிக்கொண்டு அது மறுபடி காட்டுக்குள் போய்விடும். அந்த இரவுகளில்தான் முகாமின் பெண் யானைகள் காட்டுக் கொம்பன்களோடு சேர்ந்தன. இருபது மாதம் போலச் சுமந்து முகாமிலேயே ஈன்றன. மிருகக்காட்சிசாலைகள் தவமிருந்தும் எளிதில் கிட்டாத பேறு அது. பாதி நாளாவது காடு அதற்குச் சொந்தமாக இருந்ததே காரணம் என்பேன்.

வெட்டித் தீர்ந்த மலையில் வன அதிகாரி ஹியூகோ வுட் மீண்டும் தேக்கு வளர்த்தார். 1933-இல் இறந்து ஆனைமலையின் டாப்சிலிப்பிலேயே அடங்கினார். யானைகள் தலைமுறை மாறி இழுத்துக்கொண்டே இருந்தன. கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி அவற்றின் புண்ணையும் சூலையும் முதுமையையும் ஊழியருடையவை போல மதித்துப் பார்த்துக்கொண்டார். 2002-இல் அவரும் போனார்.

இதற்கிடையில் சாலை வந்தது, லாரி வந்தது. 1976-இல் ஆனைமலை சரணாலயமாயிற்று; 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெட்டு குறைந்து நின்றது. இழுக்க மரம் இல்லை. இருந்தவற்றில் சில கும்கிகளாயின, ஊருக்குள் வரும் தம் இனத்தையே விரட்டும் வேலை. ஆனைமலையின் கோழிகமுத்தி முகாமில் கும்கியாக இருந்த கலீம் 2023 மார்ச்சில் அறுபது வயதில் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றான்.

அந்த வேலை ஒழிந்தது நல்லதே. திரும்பி வரவும் வேண்டாம். ஆனால் இத்தனை பேர் உழைத்த வீட்டில் பெயர்களாவது மிஞ்ச வேண்டாமா? முகாம் யானைகளின் பிடிபாடும் பிறப்பும் இறப்பும் வனத்துறை ஏடுகளில் தலைமுறைகளாகப் பதிவாகியுள்ளன. கிருஷ்ணமூர்த்தியும் யானை ஆய்வாளர் ராமன் சுகுமாரும் தம் ஆய்வுக்கு அவற்றையே ஆதாரமாகக் கொண்டார்கள். அந்த ஏடுகளைத் தமிழில் அச்சிட்டு, முதிய பாகர்கள் சொல்வதையும் உடன் சேர்த்து, வனத்துறை வெளியிட வேண்டும். அந்தப் பாகர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.