பன்னீர்த் திராட்சையும் அதன் இத்தாலிய மூலமும்

பன்னீர்த் திராட்சை என்பது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, சென்னைத் தியாகராய நகரின் தள்ளுவண்டிகளிலும் பழக்கடைகளிலும் கருநீலக் குவியலாக விற்பனைக்கு வரும், விதையுள்ள, மெல்லிய தோலுடைய, ரோஜாவின் பரிமளம் கொண்ட திராட்சை வகையாகும். தாவர சாஸ்திரிகள் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என்று வழங்குவர். இத்தாலியின் வடகோடியில் கனிச்சுவை மிகுந்த மெல்லிய சிவப்பு வைனைத் தருகின்ற ஸ்கியாவா குரோஸ்ஸா என்னும் கொடியும், மத்தியதரைக் கடற்கரைகளில் தொன்றுதொட்டுப் பயிராகும் அலெக்ஸாந்திரியா மஸ்கட் என்னும் வெள்ளைத் திராட்சையும் கலந்து பிறந்ததே இது என்பதை மரபணு ஆய்வுகள் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியுள்ளன. வாசனை மஸ்கட்டின் வழியாகவும், கருமை ஸ்கியாவாவின் வழியாகவும் வந்தன.

ஸ்கியாவா என்பது ஒரே கொடியின் பெயரன்று. குரோஸ்ஸா, ஜென்டீலே, கிரீஜா எனப் பல கொடிகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தென்சரிவில் அமைந்து, முதல் உலக யுத்தம் வரை ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் பகுதியாக இருந்து, யுத்த முடிவில் இத்தாலியைச் சேர்ந்த ஆல்டோ ஆடிஜே பிரதேசமே இதன் தாயகமாக மதிக்கப்படுகிறது. அங்குள்ள கால்தாரோ ஏரிக்கரையிலும், போல்சானோ நகரையொட்டிய சாந்தா மத்தலேனா குன்றிலும் இதிலிருந்து வடிக்கப்படும் வைன் தன் ஊர்ப் பெயராலேயே பிரசித்தி பெற்றது. தோலில் நிறப்பொருளும் துவர்ப்பும் குறைவாதலின் இவ்வைன் அடர்ந்த சிவப்பாகாமல் மாதுளைச் சாற்றைப் போல ஒளி ஊடுருவும் நிறத்தில் அமைகிறது; ஸ்ட்ராபெர்ரி மணமும் கடைசியில் வாதுமையின் இலேசான கசப்பும் இதற்குரிய லட்சணங்கள். ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வைப்பதற்குரியதன்று. வடித்த ஓரிரு ஆண்டுகளுக்குள், சற்றே குளிர்வித்து, உணவோடு அருந்துவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அப்பிரதேசத்துத் தோட்டங்களில் முதலிடம் வகித்த இக்கொடி, அடர்ந்த வைன்களின்பால் ருசி திரும்பிய பிற்காலத்தில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. மென்மையைக் குறையென்று கொண்ட அந்த ருசிமாற்றம் இக்கொடிக்கு இழைத்த அநீதி என்றே கருத வேண்டியிருக்கிறது.

இத்தாலியிலிருந்து வடக்கே பரவிய ஸ்கியாவா குரோஸ்ஸா, ஜெர்மனியின் வுர்ட்டெம்பெர்க் நாட்டில் டிரோலிங்கர் என்றும், இங்கிலாந்தில் பிளாக் ஹாம்பர்க் என்றும் பெயர் பெற்றது. லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், தோட்டக்கலை வல்லுநர் லான்சலாட் பிரவுன் 1768-இல் நட்டதாகச் சொல்லப்படும் பிரம்மாண்டமான கொடி இவ்வினத்தைச் சேர்ந்ததே. அது இன்றும் காய்க்கிறது. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ரெஸ்ட் பார்க் தோட்டத்தில் பணிபுரிந்த சீவர்ட் ஸ்நோ என்பவர் ஏறக்குறைய 1850-இல் பிளாக் ஹாம்பர்க்கை மஸ்கட்டோடு கலந்து மஸ்கட் ஹாம்பர்க்கை உண்டாக்கினார் என்பது தோட்டக்கலை சரித்திரம் கூறும் செய்தி.

பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் பன்னீர்த் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது பரவலாக வழங்கும் வரலாறு. திருப்பலிக்குத் திராட்சையின் கலப்பற்ற வைன் இன்றியமையாதது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதியாதலால், குருமார் தாம் சென்ற தேசமெல்லாம் கொடியையும் உடன்கொண்டு சென்றதில் வியப்பில்லை. ஆயினும் இங்கிலாந்தில் ஏறக்குறைய 1850-இல் தோன்றிய இனம் 1832-இலேயே தமிழ்நாட்டை அடைந்திருத்தல் இயலாது. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு திராட்சையாகவும், மஸ்கட் ஹாம்பர்க் பின்னர் வந்து அதன் இடத்தையும் வரலாற்றையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டதாகவும் கொள்வதே பொருத்தம்.

கம்பம் பள்ளத்தாக்கில் இக்கொடி அடைந்த வாழ்வு இத்தாலியில் அதன் முன்னோர் காணாதது. 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீர் பாயும் இப்பள்ளத்தாக்கில் கொடி உறங்கும் குளிர்காலம் இல்லை. ஆல்ப்ஸ் சரிவில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கோ உழவர் கவாத்து செய்யும் நாளே கொடிக்கு வசந்தம், அதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தைத் தள்ளிவைத்துச் செய்வதால், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி முதலிய ஊர்களில் ஏதேனும் ஒரு பந்தலில் எப்போதும் பழம் இருந்துகொண்டே இருக்கிறது. ஆல்டோ ஆடிஜேயிலும் ஸ்கியாவாவைப் பழைய முறைப்படி மரப்பந்தலிலேதான் ஏற்றுவர். கம்பத்தில் கல்தூணும் கம்பியும் அப்பணியைச் செய்கின்றன.

இத்தகைய குலத்தில் வந்த கொடி தமிழ்நாட்டில் வைனாகாமல் பழமாகவே வாழ்ந்ததன் காரணங்களுள் மதுவிலக்கு தலையாயது. பின்னாளில் தியாகராய நகர் பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்து 1937 அக்டோபர் 1-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டபோது, முதுமையின் தளர்ச்சியையும் பொருட்படுத்தாது ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டாமென்று மன்றாடினார். ஏழைக் குடும்பங்களின் அழிவைக் கண்ணால் கண்டவரின் அந்த வேண்டுகோளை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதே சமயம், கள்ளுக்கும் சாராயத்துக்கும் எதிராக எழுந்த அவ்வியக்கத்தின் நிழலில் திராட்சை மதுவும் அடங்கிப்போய், அதனை வடிக்கும் கலை தமிழ்நாட்டில் வேரூன்றாது போயிற்று என்பதையும் சரித்திரம் பதிவு செய்தாக வேண்டும்.

ஆங்கிலோ-இந்தியர் முதலிய சென்னைக் கிறிஸ்தவர்களின் இல்லங்களில் மாத்திரம், கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்னதாகக் கருந்திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் பட்டை கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊறவைத்து, கேக்குடன் பரிமாறும் வழக்கம் நீடித்து வந்துள்ளது. சீனத்தின் தியான்ஜின் பகுதியிலும் கிரேக்கத்தின் திர்னாவோஸிலும் மஸ்கட் ஹாம்பர்க்கிலிருந்து முறையாகவே வைன் வடிக்கப்படுகிறது. இந்தியாவில் இத்தாலிய இனங்களை வைனுக்கென்றே பயிரிடும் முயற்சி மகாராஷ்டிரத்தின் அக்லூஜில் பிராதெல்லி நிறுவனத்தால் நடந்து வருகிறது. அவ்வினங்களுள் அங்கு முதன்மை பெற்றது சாஞ்சொவேசே என்னும் திராட்சை.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு கனிக்கு உரியது. அக்கனியின் வைனுக்கோ, கால்தாரோவுக்கும் சாந்தா மத்தலேனாவுக்கும் உள்ளது போன்ற ஊர்ப் பெயரும் நிறம், மணம், துவர்ப்பு இவற்றுக்கான வரையறையும் இன்னும் அமையவில்லை.