எஜமானனும் அஜீரும்

அரபு மொழியில் கூலிக்கு உஜ்ரத் என்று பெயர். மறுமையில் அடியான் பெறும் நற்கூலிக்கு அஜ்ர் என்று பெயர். கூலிக்கு உழைப்பவன் அஜீர். மூன்றும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததை அறியாத முஸ்லிம் இல்லை. கூலியைக் குறைக்கும் முதலாளியைத் தட்டிக் கேட்க அரசு இருக்கிறது. அரசே முதலாளியாக இருந்தால்? சட்டம் இயற்றும் சபையே எஜமானனாக இருந்தால்? வரலாறு தரும் விடையைச் சற்று ஆராய்வோம்.

குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில் பாதையில், வெலிங்டனை அடுத்து இருப்பது அருவங்காடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு இங்கே கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்து செய்யும் தொழிற்சாலையை நிறுவியது. நாட்டை ஆண்ட அரசே இங்கு முதலாளி. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 1922இல் வார வேலையை 60 மணி நேரத்திற்குள் நிறுத்திற்று. 1934இல் அது 54 ஆகவும், 1946இல் 48 ஆகவும் குறைந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, நாளுக்கு 9 மணி அல்லது வாரத்திற்கு 48 மணியைத் தாண்டிய வேலைக்கு இரட்டைக் கூலி என்று விதித்தது. அதைவிட முக்கியமானது 116ஆம் பிரிவு. அரசுக்குச் சொந்தமான தொழிற்சாலைகளையும் இச்சட்டம் கட்டுப்படுத்தும் என்றது அது. சட்டம் செய்தவன் தன் கழுத்திலும் அதை மாட்டிக்கொண்ட நாள் அது என்போம்.

ஆயினும் மாட்டிக்கொண்ட கயிற்றைத் தளர்த்தப் பார்ப்பது எஜமானர் இயல்பு. மிகைநேர வேலைக்கான இரட்டைக் கூலியை எதன்மீது கணக்கிடுவது? அடிப்படைச் சம்பளத்தோடு, தொழிலாளிக்கு உரிய படிகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது சட்டத்தின் சொல். மத்திய அமைச்சகங்களோ வீட்டு வாடகைப் படி, பயணப் படி முதலியவற்றை விலக்கிச் சுற்றறிக்கை விடுத்தன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வழக்காடினர். 2011இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2026 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தன. சுற்றறிக்கையால் சட்டத்தைச் சுருக்க முடியாது என்பது நிலைபெற்றது. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை கையில் இருந்ததால்தான் அரசையே எதிர்த்து அவர்களால் நிற்க முடிந்தது.

இனி, சட்டம் பிறக்கும் இடத்திற்கே செல்வோம். அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ், 1938இல் நியாயக் கூலிச் சட்டத்தை இயற்றி, மிகைநேரத்திற்கு ஒன்றரை மடங்கு கூலியை உறுதி செய்தது. ஆனால் தன் சொந்த அலுவலர்களை அதற்கு வெளியே நிறுத்திக்கொண்டது. 1989இல் கீழவை மட்டும் ஓரளவு இறங்கி வந்தது. 1995 ஜனவரி 23 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட பொறுப்புடைமைச் சட்டமே அக்குறையைப் போக்கி, முறையீடுகளைக் கேட்கத் தனி அலுவலகத்தையும் அமைத்தது. நாட்டுக்குச் சொன்ன நீதி தன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வர 57 ஆண்டுகள் ஆயின!

நம் நாட்டு நிலை என்ன? மத்திய சட்டசபையின் தலைவராயிருந்த விட்டல்பாய் படேலின் முயற்சியால் 1929இல் சபைக்கெனத் தனி அலுவலகம் உண்டாயிற்று. ஆட்சியாளரின் கைக்கு அஞ்சாமல் சபை ஊழியர் பணிபுரிய வேண்டும் என்ற உயர்ந்த நோக்கமே அதன் அடிப்படை. அரசியலமைப்பின் 98ஆம் பிரிவு அதை உறுதி செய்து, ஊழியரின் பணி நிலைமைகளைப் பாராளுமன்றம் சட்டத்தின் மூலம் வகுக்கலாம் என்றும் கூறியது. அச்சட்டம் இன்றுவரை பிறக்கவில்லை. இடைக்கால ஏற்பாடாக வந்த 1955ஆம் ஆண்டு விதிகளே மக்களவைச் செயலகத்தை நடத்தி வருகின்றன. 2025 நவம்பரில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திற்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்குத் தான் பொருந்தாது என்று முதற்பிரிவிலேயே சொல்லிவிட்டது.

2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மீதான விவாதம் இரு அவைகளிலும் நள்ளிரவைக் கடந்து நீண்டதை வாசக நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். யார் என்ன பேசினார் என்று நாம் விவாதித்தோம். அப்பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதியவர், மொழிபெயர்த்தவர், வாசலில் காவல் நின்றவர் ஆகியோரை நாம் எண்ணினோமா? அவர்களுக்கு ஊதியம் குறைவு என்பது நம் வாதமன்று. அருவங்காட்டுத் தொழிலாளிக்கு மிகைநேரக் கூலி சட்டம் தந்த உரிமையாயிற்று. பாராளுமன்ற ஊழியருக்கோ, விதி வகுப்போர் தரும் சலுகையாகவே அது நிற்கிறது. சலுகையைத் தந்தவர் திரும்பப் பெறலாம். உரிமையைப் பறிக்க வேண்டுமானால் சபையறியச் சட்டத்தை மாற்றியாக வேண்டும்.

தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும், பிறருக்கு அளக்கும்போது குறைவாகவும் அளப்போரைத் திருக்குர்ஆனின் முதஃப்பிஃபீன் அத்தியாயம் கண்டிக்கிறது. வணிகனின் படிக்கு மட்டுமல்ல, ஆள்வோர் கையிலுள்ள சட்டப் படிக்கும் அக்கண்டனம் பொருந்தும்.

தாபிஈன்களில் ஒருவரான அபூ முஸ்லிம் அல்கவ்லானீ (ரஹ்), ஹழ்ரத் முஆவியா (ரலி) அவர்களின் சபைக்குள் நுழைந்து, அமீர் என்று விளிக்காமல் அஜீர் என்று விளித்து ஸலாம் கூறினார். சபையோர் பதறித் திருத்தினர். அவரோ மாற்றவில்லை. அவரை விட்டுவிடும்படி முஆவியா (ரலி) அவர்களே சொன்னார்கள். மக்கள் மந்தையைக் காக்க இறைவன் உம்மைக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறான் என்பதே அப்பெரியார் உணர்த்திய பொருள். ஆள்வோரும் அஜீர்களே. தாமும் கூலிக்காரர் என்பதை அறிந்தவர், தம் வாசலில் நிற்கும் கூலிக்காரரின் கணக்கை நிறைவாக எழுதுவார்.