அன்றாடத் தியானம்: வழியற்றவர்கள் வகுத்த வழக்கம்

தினசரி காலண்டரில் தாளைக் கிழித்தால் அடியில் ஒரு பொன்மொழி. கிறிஸ்தவ வீடுகளில் அனுதின தியானப் புத்தகம். இன்னும் சில வீடுகளில் ஏதாவதோர் ஆசிரமம் நாள்வாரியாக அச்சிட்டுத் தரும் அருள்வாக்கு. இவை சொல்வதைத் திரட்டினால் பெரும்பாலும் இரண்டு செய்திகள்தான் தேறும்: உன் எண்ணத்தை மாற்றிக்கொள்; உன்னைக் கைவிடாத தெய்வ அன்பு ஒன்று உண்டு, அதை நம்பு. உலக நடப்பை ஆராய்ந்து பேசுகிறவர்களுக்கு இவ்வகை எழுத்தின் மேல் மதிப்புக் குறைவு. வசதியாக வாழ்கிறவர்கள் காலைக் காபியோடு சேர்த்து அருந்தும் ஆறுதல் என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்றைய சந்தையைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த வழக்கம் எங்கே, யாரால், எந்த நெருக்கடியில் தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால் வேறொரு கூட்டம் எதிர்ப்படுகிறது: ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள், மருந்து கிடைக்காத நோயாளிகள், போர்முனைக்குப் போகக் காத்திருந்த சிப்பாய்கள், குடியை விட முடியாமல் தவித்தவர்கள், சிறைக்கைதிகள். செய்வதற்கு வேறொன்றும் இல்லாதவர்கள் தங்கள் கையில் எஞ்சியதைப் பயிற்சியாக்கிக்கொண்டதே அன்றாடத் தியானம். அதன் பலம், பிசகு இரண்டுக்கும் வேர் அந்தப் பிறப்பில்தான் இருக்கிறது.

நாளுக்கு ஒரு வாசகம் என்ற ஏற்பாட்டின் தெளிவான தொடக்கத்தை ஜெர்மனியின் சாக்சனியில், ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் காணலாம். ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் தங்கள் சீர்திருத்த விசுவாசத்தை மறைத்து வாழ்ந்த மொராவியக் குடும்பங்கள் எல்லை தாண்டி ஓடிவந்தன. ஸின்ஸென்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் இடம் கிடைத்தது. 1722 ஜூன் மாதம் தச்சர் கிறிஸ்டியன் டேவிட் அங்கே முதல் மரத்தை வெட்டினார். பல வழிப் பின்னணி கொண்ட அகதிகள் ஒன்றாகக் குடியேறியதால் சில ஆண்டுகளிலேயே கடுமையான சச்சரவு மூண்டது. 1727-இல்தான் ஓரளவு ஒப்புரவு ஏற்பட்டது. மறு ஆண்டு மே 3 அன்று மாலைக் கூட்டத்தில் ஸின்ஸென்டோர்ஃப் அடுத்த நாளுக்கென ஒரு வாசகத்தைக் கொடுத்தார். கிறிஸ்துவின் அன்பைப் பற்றிய பாடலடி அது. காலையில் அதை அங்கிருந்த 32 வீடுகளுக்கும் ஆட்கள் கொண்டுபோய்ச் சொன்னார்கள். சொல்லப் போனவர் அந்த வீட்டின் நலனையும் விசாரித்து வந்தார். 1731-இல் ஆண்டு முழுமைக்குமான வாசகங்கள் புத்தகமாயின. லோசுங்கன் என்ற அந்தப் புத்தகம் அன்று முதல் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு அம்சங்கள் முக்கியமானவை. ஒன்று, தேதி. 1732-லிருந்து ஹெர்ன்ஹூட்டார் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கிரீன்லாந்துக்கும் புறப்பட்டுப் போனார்கள். பதினைந்து வயதில் ஹாலே பள்ளியில் படித்தபோது தரங்கம்பாடியிலிருந்து வந்திருந்த மிஷனரி சீகன்பால்குவைப் பார்த்தவர் ஸின்ஸென்டோர்ஃப். அவருடைய சபையாரே 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் போக நினைத்த இடம் நிக்கோபார். அங்கே காய்ச்சலில் பலர் மடிந்தனர். இப்படிச் சிதறி வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்துக்கு, இன்றைக்கு எல்லோருக்கும் ஒரே வாசகம் என்பது உறவைக் காக்கும் கயிறாக இருந்தது. இரண்டாவது, சீட்டு. பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டெடுத்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இன்றும் ஹெர்ன்ஹூட்டில் சில ஆண்டுகளுக்கு முன்னதாகவே அந்தக் குலுக்கல் நடக்கிறது. வாசகர் தனக்குப் பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ள முடியாது. ஆறுதல் வர வேண்டிய நாளில் கண்டனம் வரலாம். தெய்வ அன்பை நம்புவது என்பதற்கு அவர்களிடம் இருந்த பொருள் இதுதான்: தான் தேர்ந்தெடுக்காத சொல்லையும் தனக்கானதாக ஏற்பது.

இது புதிதல்ல என்று ஒருவர் சொல்லலாம். மடங்களில் துறவிகள் சங்கீதங்களை வேளைதோறும் ஓதினார்கள். சைவர்களுக்குத் தேவாரப் பாராயணம் உண்டு. உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தன் மனத்தைத் திருத்திக்கொள்ளவே குறிப்பு எழுதினார். எல்லாம் உண்மை. ஆனால் துறவிக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது, பேரரசருக்குப் படிப்பு இருந்தது. தச்சரும் நெசவாளரும் வேலைக்குப் போகுமுன் எடுத்துச்செல்லக்கூடிய அளவுக்கு வழிபாட்டைச் சுருக்கி, தேதி குறித்து, வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தது ஹெர்ன்ஹூட்டின் புதுமை.

எண்ணத்தை மாற்று என்ற மற்றச் செய்தி அமெரிக்காவின் நோய்ப்படுக்கையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவம் இரத்தம் வடிப்பதையும் பாதரச மருந்தையும் பெரிதும் நம்பியிருந்தது. அந்த மருத்துவத்தாலேயே சீரழிந்தவர்கள் ஏராளம். மேய்ன் மாநிலத்தில் கடிகாரம் செய்துவந்த பினியாஸ் குவிம்பி, நோயாளியின் நம்பிக்கையே நோயை வளர்க்கிறது என்ற முடிவுக்கு வந்து, 1859-இல் போர்ட்லாந்தில் சிகிச்சை அறை திறந்தார். 1862-இல் அவரிடம் வந்த நோயாளிகளில் ஒருவர் பின்னாளில் கிறிஸ்தவ விஞ்ஞான சபையை நிறுவிய மேரி பேக்கர் எடி. எடியிடமிருந்து பிரிந்த எம்மா கர்ட்டிஸ் ஹாப்கின்ஸ் சிகாகோவில் பயிற்சிப் பள்ளி நடத்தினார். போதகராகும் வாசல் பெரும்பாலும் பெண்களுக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில் அவர் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். அவரிடம் பயின்றவர்களில் கான்சஸ் நகரத்து ஃபில்மோர் தம்பதியும் உண்டு. மர்ட்டில் ஃபில்மோருக்குக் காசநோய்; கணவர் சார்ல்ஸுக்குச் சிறுவயது விபத்தில் கால் ஊனம். 1886-இல் ஒரு சொற்பொழிவைக் கேட்டபின் மர்ட்டில், தான் கடவுளின் பிள்ளை, நோய் தனக்குப் பிதுரார்ஜிதமல்ல என்ற நினைப்பை நாள்தோறும் மனத்தில் இருத்திப் பழகினார். அந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இலேயே காட்டிவிட்டார். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டறியப்பட்டது. காரணம் தெரியும், மருந்து இல்லை. அந்த அறுபது ஆண்டு இடைவெளியில் நோயாளியின் வசம் இருந்தது அவள் மனம் ஒன்றே. மர்ட்டில் தேறினார். ஃபில்மோர் தம்பதி தொடங்கிய யூனிட்டி இயக்கம் 1924-இல் நாளுக்கொரு பக்கமாக 'டெய்லி வேர்டு' இதழை வெளியிட்டது. ஹெர்ன்ஹூட்டின் தேதியும் அமெரிக்க மனச்சிகிச்சையும் ஒரே தாளில் சேர்ந்தன.

அதற்குப் பின் பரவலாகப் படிக்கப்பட்ட பக்கங்களை எடுத்துப் பார்த்தாலும் இதே பின்னணிதான். ஆஸ்வால்டு சேம்பர்ஸ் முதல் உலகப் போரின்போது கெய்ரோ அருகே ஜெய்த்தூன் முகாமில் படைவீரர்களுக்குப் பேசியவர். 1917-இல் எகிப்திலேயே இறந்தார். அவர் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருந்த மனைவி, விதவையாக விடுதி நடத்திப் பிழைத்தபடி அவற்றை 365 நாட்களுக்குப் பிரித்து 1927-இல் நூலாக்கினார். ரிச்மண்ட் வாக்கர் என்ற மீண்ட குடிகாரர், தன்னைப் போன்றவர்களுக்காக 1948-இல் ஒரு நாள்வாரித் தியான நூலை ஃபுளோரிடாவில் அச்சிட்டார். வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து தோற்றவர்களுக்கு, இன்று ஒரு நாள் மட்டும் என்ற அளவு தாங்கக்கூடியதாக இருந்தது.

தமிழில் இந்தச் சிந்தனை நுழைந்த வழியும் சிறைவாசல்தான். ஜேம்ஸ் ஆலன் இங்கிலாந்தில் தந்தையைச் சிறுவயதில் பறிகொடுத்து ஆலை வேலைக்குப் போனவர். மனமே வாழ்வை ஆக்குகிறது என்ற அவருடைய சிறு நூல் 1903-இல் வந்தது. அவர் எழுத்துகளை ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் பகுத்த தியான நூல் அவர் மறைவுக்குப் பின் 1913-இல் வெளியாயிற்று. அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நடத்தி, கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நின்று, 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றவர். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்த அவர் 'மனம் போல வாழ்வு' என்று ஆலனைத் தமிழாக்கினார். நூல் 1909-இல் வந்தது. வழக்கறிஞர் உரிமையும் சொத்தும் பறிபோன நிலையில் விடுதலையான பிறகு 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்' ஆகியவற்றையும், கடைசிக் காலத்தில், 1934-இல், 'சாந்திக்கு மார்க்க'த்தையும் வெளியிட்டார். அடுத்த ஆண்டே சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய உரையும் வந்தது. மனத்தைத் திருத்தும் பயிற்சியும் இறையருளைப் பற்றிய சிந்தனையும் அவர் வாழ்வில் அக்கம்பக்கமாக நின்றன.

இங்கே முதல் பெரிய ஆட்சேபம் எழுகிறது. எண்ணத்தை மாற்றச் சொல்வது உலகத்தை மாற்றாமல் விடுவதற்கான சாக்கு அல்லவா? அடிமைப்பட்டவனிடம் மனத்தைச் சரிசெய்யச் சொன்னால் ஆள்பவனுக்குத்தானே லாபம்? கேள்வி நியாயமானது, ஆனால் சான்றுகள் அதற்கு முழுதாக இடம் தரவில்லை. வ.உ.சி. ஆலனைப் படித்ததால் போராட்டத்தை விட்டவரல்லர். போராடியதால் சிறைப்பட்டு, அங்கே நொறுங்காமல் இருக்க ஆலனைப் பயன்படுத்தியவர். வெளியே வந்த பிறகு தொழிலாளர் சங்க வேலையில் இருந்தார். லோசுங்கனைத் தவறாமல் படித்த ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் பான்ஹோஃபர் 1939 கோடையில் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருந்தார். பவுல் தீமோத்தேயுவைக் குளிர்காலத்துக்கு முன் வரச் சொல்லும் பகுதி அந்நாட்களில் ஒரு நாள் அவர் வாசிப்பில் தற்செயலாக எதிர்ப்பட்டது. அது தன்னை விடாமல் தொடர்வதை அவர் நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பினார், ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்தார், 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அந்த வாசகம் அவரை அமைதிப்படுத்தவில்லை, கிளப்பியது. தான் பொறுக்காத சொல்லை ஏற்கும் பழக்கத்துக்கு இந்த வலுவும் உண்டு.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. வாழ்வின் நிலையெல்லாம் எண்ணத்தின் விளைவு என்றால், ஏழை தன் ஏழ்மைக்கும் நோயாளி தன் நோய்க்கும் தானே குற்றவாளி ஆகிறான். ஆலனிடம் இந்தச் சாய்வு இருக்கிறது. எடியிடம் அது கொள்கையாகவே இறுகி, மருந்தை மறுக்கும் அளவுக்குப் போயிற்று. அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளியான சமய அனுபவ ஆய்வில் மனச்சிகிச்சையாளரின் பலன்களை மரியாதையோடு பதிவுசெய்துவிட்டு, தீமை என்பதைக் கணக்கில் கொள்ளாத பார்வை முழுமையாகாது என்று முடித்தார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. என் கையில் எஞ்சியது என் மனம், அதைப் பேணுகிறேன் என்பது ஒரு பேச்சு. உலகம் முழுவதும் என் மனம் செய்தது என்பது வேறு பேச்சு. முதலாவது வழியற்றவனின் பயிற்சி. இரண்டாவது அந்தப் பயிற்சியை உலகத்துக்கான விளக்கமாக ஊதிப் பெருக்கியது. மர்ட்டில் தேறியது அவருக்கு நடந்த செய்தி. தேறாமல் இறந்தவர்கள் சரியாக நினைக்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

தெய்வ அன்பு என்ற மறுபாதி அலங்காரமல்ல என்பது இந்த இடத்தில்தான் விளங்குகிறது. எண்ணம் மட்டுமே ஆதாரம் என்றால், மனம் சோர்ந்த நாள் தோல்வி நாள். நான் சரியாக நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் என்னைத் தாங்கும் அன்பு ஒன்று உண்டு என்று நம்புகிறவனுக்குச் சோர்ந்த நாளும் கடந்துபோகக்கூடிய நாள்தான். குடியிலிருந்து மீள்பவர்கள் தங்களைவிடப் பெரிய சக்தியிடம் ஒப்படைப்பதையும் ஒரு நாள் கணக்கையும் சேர்த்தே வைத்துக்கொண்டது இதனால்தான். தவறி விழுந்தவன் மறுநாள் மீண்டும் தொடங்க வேண்டும். அன்பை நம்புவதும் பயிற்சியின்றி நின்றால் கெடும் என்பதற்கும் சான்று உண்டு. 1740-களில் மொராவியச் சபையின் ஒரு பகுதி பக்திக் கொஞ்சலிலும் உணர்ச்சி மிகையிலும் மூழ்கியது. ஸின்ஸென்டோர்ஃபே 1749-இல் கண்டித்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று திருத்தியபடி இருந்தால்தான் வழக்கம் நேராக நிற்கும்.

எல்லாம் வியாபாரம்தானே என்ற மூன்றாவது ஆட்சேபத்தைச் சுருக்கமாகவே கவனிக்கலாம். 1731 முதலே இது விற்பனைச் சரக்கு. விற்கப்படுவதால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. சந்தை செய்த உண்மையான மாற்றம் வேறு. பொருளாதார மந்தத்தின் நடுவே, 1936-இல், சார்ல்ஸ் ஃபில்மோர் செல்வச் செழிப்பைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கேட்பவர் விரும்புவதைத் தரும் பாதை அதற்குள் அகலமாகிவிட்டது. சீட்டு போய், வாடிக்கையாளரின் விருப்பம் அந்த இடத்தில் உட்கார்ந்தது. கண்டிக்கிற வாசகம், புரியாத வாசகம், படிப்பவரை வேலைக்கு இழுக்கிற வாசகம் ஆகியவை ஒவ்வொன்றாக மறைந்தன. வயிறு நிறைந்தவர்களின் ஆறுதல் என்ற ஏளனம் இந்தப் பிற்கால வடிவத்துக்குப் பொருந்தும். அகதிகளும் கைதிகளும் உண்டாக்கிய வழக்கத்துக்குப் பொருந்தாது.

ஒரு தியானப் பக்கத்தை எடைபோட இந்த வரலாறு ஓர் அளவுகோல் தருகிறது. வேலை இழந்தவரிடமோ, புற்றுநோய்ப் பிரிவில் படுத்திருப்பவரிடமோ, விசாரணைக் கைதியிடமோ அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்ட முடியுமா? அவர் நிலைக்கு அவரையே பொறுப்பாக்காமல், அவரால் இன்று செய்யக்கூடிய ஒன்றை அது சொல்கிறதா? சொன்னால் அது இந்த மரபில் வந்தது. வசதியுள்ளவரிடம் மட்டுமே வாசிக்கத் தகுந்ததென்றால், எந்தத் திருப்பெயரைத் தாங்கி வந்தாலும், அந்த மரபோடு அதற்கு உறவில்லை.